7000 எம்பி வேகம் யாருக்கு? நடுத்தர விலை எஸ்எஸ்டி வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு என் மாமா மகன் போன் செய்தான். கல்யாண வீடியோ எடுப்பது அவன் தொழில். "மச்சான், புது எஸ்எஸ்டி செத்துப்போச்சு போல, கொஞ்சம் வந்து பாரு" என்றான். எஸ்எஸ்டி என்றால் கணினியில் கோப்புகளைச் சேமித்து வைக்கும், சுற்றும் வட்டு இல்லாத டிரைவ். போய்ப் பார்த்தால், கணினியில் ஏற்கெனவே இருந்த இன்னொரு எஸ்எஸ்டியிலிருந்து 180 ஜிபி வீடியோவைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். விண்டோஸின் காப்பி பெட்டியில் அந்தப் பச்சை வரைபடம் கொஞ்ச தூரம் மொட்டை மாடி மாதிரி நேராக ஓடி, ஓரிடத்தில் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கி, அதற்கப்புறம் தரையோடு ஒட்டிக்கொண்டே போயிருந்தது. ஆரம்பத்தில் நொடிக்கு 1.6 ஜிபி ஓடியது இப்போது 90 எம்பி. மேசை மேலேயே கிடந்த அவனுடைய பழைய ஹார்ட் டிஸ்க் இதைவிட வேகமாக எழுதும்.

டிரைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த விலையில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த எண்ணில் இந்த 90 எம்பி பற்றி ஒரு வார்த்தை கிடையாது, விற்றவரும் சொல்லவில்லை.

"என்விஎம்இ போட்டா பறக்கும்", "எஸ்எஸ்டி சீக்கிரம் தேஞ்சிடும்", "கேம் ஆடணும்னா ஜென் 4 வேணும்" என்று போகிற இடமெல்லாம் கேட்கிறோம். இந்தப் பெயர்களெல்லாம் என்ன என்று கீழே வரும். ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் பணம் போகிறது. அதனால் அடியிலிருந்து, முன்னனுபவம் எதுவும் வேண்டாத மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

பால் பாக்கெட் கணக்கு

விடியற்காலையில் பால் பாக்கெட் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். 200 பாக்கெட்டையும் ஒரே கல்யாண மண்டபத்தில் இறக்க வேண்டுமென்றால் அவர் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பது முக்கியம். அதே 200 பாக்கெட்டை 200 வீட்டுக்குப் போட வேண்டுமென்றால் வண்டி வேகம் பெரிய உதவி செய்யாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, இறங்கி, பையில் போட்டுவிட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு.

முதல் வகையை, அதாவது ஒரே பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிப்பதை, சீக்வென்ஷியல் என்பார்கள். தமிழில் தொடர் வாசிப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ரேண்டம், சிதறல் வாசிப்பு. கணினியை நாம் "மெதுவா இருக்கு" என்று திட்டும் நேரமெல்லாம் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடந்துகொண்டிருக்கும். விண்டோஸ் தொடங்கும்போதும், குரோம் திறக்கும்போதும், கணக்கு மென்பொருளான டேலி எழும்போதும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள் டிரைவின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்து சேர வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க் இங்கேதான் திணறும். லேப்டாப்பில் வரும் வட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும், அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. வேண்டிய இடம் படிக்கும் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், முள் நகர்வதற்கும் நேரம் வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு துண்டுக்குச் சுமார் 15 மில்லி வினாடி. நொடிக்கு அறுபது, எழுபது துண்டு எடுத்தாலே அதிகம். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது. ஒரு துண்டுக்கு 0.1 மில்லி வினாடி, அதாவது நொடிக்குப் பத்தாயிரம். பழைய கணினிக்கு உயிர் வருவது இந்த 150 மடங்கால்தான். பெட்டியில் நொடிக்கு இத்தனை எம்பி என்று இருக்கும் 3500, 5000, 7000 எல்லாம் தொடர் வாசிப்பு எண்கள், கல்யாண மண்டபத்தில் மொத்தமாக இறக்கும் வேகம்.

இப்போது ஒரு எஸ்எஸ்டிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பார்ப்போம். பழைய சாட்டா வகை தொடர் வாசிப்பில் 550 எம்பி தாண்டாது, என்விஎம்இ என்ற புது வகையில் உயர்ந்த ஜென் 4 டிரைவ் 7000 தொடும். பெட்டியைப் பார்த்தால் கிட்டத்தட்ட 13 மடங்கு. ஆனால் 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் சோதனையில் நல்ல சாட்டா டிரைவ் 30, 40 எம்பி கொடுக்கும், நடுத்தர என்விஎம்இ 50லிருந்து 80 வரை கொடுக்கும். கைக்கு வருவது இரண்டு மடங்குதான். அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறியவர் வாய் பிளக்கிறார், ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர் "ஏதோ கொஞ்சம் வேகம்" என்கிறார்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், அன்றாட வேலைக்குச் சிதறல் வாசிப்புதான் முக்கியம், அதில் எஸ்எஸ்டிகளுக்கு நடுவே இடைவெளி சிறியது. பெட்டி எண் பெரிய கோப்புகளை நகர்த்துகிறவருக்கு மட்டும் பொருள் தரும், அவருக்கும் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

எம்.2, சாட்டா, என்விஎம்இ: மூன்றும் வேறு வேறு

கடையில் அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். எம்.2 என்பது வெறும் உருவம். சூயிங்கம் பட்டை மாதிரி நீண்ட அந்த அட்டை. 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். சில லேப்டாப்பில் 2242 அல்லது 2230 என்ற குட்டை அட்டைதான் நுழையும்.

சாட்டா, பிசிஐஇ இரண்டும் டிரைவுக்கும் கணினியின் முக்கிய அட்டையான மதர்போர்டுக்கும் நடுவே உள்ள சாலை. என்விஎம்இ என்பது பிசிஐஇ சாலையில் எஸ்எஸ்டி பேசும் முறை. ஜென் 3, ஜென் 4 என்று சொல்வது அந்தச் சாலையின் தலைமுறை. ஜென் 3 நடைமுறையில் 3500 எம்பி வரை விடும், ஜென் 4 அதைப்போல் இரண்டு மடங்கு.

எம்.2 உருவத்தில் இருக்கும் டிரைவ் சாட்டாவாகவும் இருக்கலாம், என்விஎம்இயாகவும் இருக்கலாம். மதர்போர்டில் எம்.2 துளை இருந்தும் அது சாட்டா மட்டும் ஏற்கும் துளையாக இருந்தால் என்விஎம்இ டிரைவைப் போட்டாலும் கணினி அதைக் கண்டுகொள்ளாது. உங்கள் லேப்டாப் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளர் தரும் கையேட்டில் அந்தத் துளை என்ன வகை என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். தலைமுறை பற்றி அவ்வளவு பயம் வேண்டாம், ஜென் 4 டிரைவ் ஜென் 3 துளையிலும் ஓடும், ஜென் 3 வேகத்தில். இன்டெல் பத்தாம் தலைமுறை வரையிலான கணினி என்றால் ஜென் 3தான், அதற்கு 7000 எம்பி டிரைவ் வாங்கினால் பாதி வேகத்துக்குச் சும்மா பணம் கொடுத்ததாகத்தான் ஆகும்.

உள்ளே என்ன இருக்கிறது

எஸ்எஸ்டிக்குள் தகவல் இருப்பது நாண்ட் ஃபிளாஷ் என்ற சில்லுகளில். 1980களில் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தது. நாண்ட் வகையை 1987இல் அவர் அணி வெளியிட்டது. ஒரு பெரிய பகுதி ஒரே தடவையில் அழிவதைப் பார்த்து, கேமரா ஃபிளாஷ் மாதிரி இருக்கிறதே என்று அவருடைய சக ஊழியர் ஒருவர் வைத்த பெயர் அது. இந்த "ஒரே தடவையில் அழியும்" விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லுக்குள் கோடிக்கணக்கான செல்கள். ஒரு செல்லை ஒரு டம்ளர் என்று எண்ணுங்கள், தண்ணீருக்குப் பதில் மின்னேற்றம். டம்ளர் காலியா நிறைந்ததா என்று மட்டும் பார்த்தால் ஒரு பிட் தகவல், அதாவது ஒரு 0 அல்லது 1, வைக்கலாம், இது எஸ்எல்சி. ஊற்றுவதும் சுலபம், பார்த்துச் சொல்வதும் சுலபம். அதே டம்ளரில் எட்டு மட்டம் கோடு போட்டு வைத்தால் மூன்று பிட், இது டிஎல்சி. பதினாறு மட்டம் வைத்தால் நான்கு பிட், கியூஎல்சி. ஒரு பிட் கூடுகிறது, அதனால் விலை குறைகிறது. ஆனால் பதினாறு கோட்டில் சரியாக ஒன்பதாவது கோட்டில் நிற்கிற மாதிரி ஊற்ற வேண்டுமென்றால் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றியாக வேண்டும். எழுதும் வேகம் அங்கேதான் விழுகிறது. நாளாக ஆக டம்ளர் கசிய ஆரம்பித்தால் இரண்டு மட்டம் வைத்தவனுக்குக் கவலையில்லை, பதினாறு மட்டம் வைத்தவனுக்கு ஒன்பதா எட்டா என்று சந்தேகம் வந்துவிடும். கியூஎல்சியின் ஆயுள் குறைவு என்பதற்குக் காரணம் இது.

அழிப்பதில் இன்னொரு சிக்கல். பள்ளிக்கூடக் கரும்பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதலாம், ஆனால் அழிக்க வேண்டுமென்றால் பலகை முழுவதும்தான் கழுவ முடியும் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் அப்படித்தான். சிறு பக்கங்களாக எழுதும், பல எம்பி அளவுள்ள பெரிய பிளாக்காகத்தான் அழிக்கும். நடுவில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால், வேண்டிய வரிகளையெல்லாம் வேறு பலகைக்கு மாற்றி எழுதிவிட்டுத்தான் இதைக் கழுவ முடியும். டிரைவை விளிம்பு வரை நிரப்பினால் மாற்றி எழுதக் காலிப் பலகை இருக்காது, அப்போது எழுதுவது நத்தை வேகத்துக்கு வந்துவிடும். பத்து, பதினைந்து சதவீதமாவது காலியாக விடச் சொல்வது இதற்காகத்தான்.

திண்ணையில் இறக்கிய மூட்டைகள்

மாமா மகன் டிரைவில் நடந்தது என்ன?

பழைய மளிகைக் கடை ஒன்று. லாரி வந்து நின்றதும் ஆட்கள் அரிசி மூட்டைகளை முதலில் திண்ணையில் தடதடவென்று இறக்கிவிடுவார்கள், லாரி கிளம்பிவிடும். அப்புறம் நிதானமாக உள்ளே கிட்டங்கியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். லாரிக்காரரைக் கேட்டால் "அந்தக் கடையில் சீக்கிரம் இறக்குவாங்க" என்பார். அவர் பார்த்தது திண்ணையின் வேகத்தை. என்றாவது திண்ணை கொள்ளாத அளவு சரக்கு வந்தால், ஒரு மூட்டை உள்ளே போனால்தான் அடுத்த மூட்டைக்கு இடம்.

டிஎல்சி, கியூஎல்சி டிரைவ்கள் தங்கள் செல்களில் ஒரு பகுதியை இப்படித் திண்ணையாகப் பயன்படுத்துகின்றன, அங்கே மட்டும் டம்ளருக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதிவிடும். இதற்குப் பெயர் எஸ்எல்சி கேஷ். கணினி சும்மா இருக்கும் நேரத்தில் டிரைவ் அதையெல்லாம் நெருக்கி அடுக்கிவிடும். பெட்டியில் போடும் எழுதும் வேகம் திண்ணையின் வேகம்.

இன்னும் ஒன்று, பெரும்பாலான டிரைவ்களில் இந்தத் திண்ணை காலி இடத்திலிருந்து வருவது. கியூஎல்சியில் நான்கு பிட் கொள்ளும் டம்ளரில் ஒன்றை மட்டும் வைப்பதால், 250 ஜிபி காலி இருந்தால் அதிகபட்சம் அறுபது ஜிபி சொச்சம் திண்ணை கிடைக்கும். டிரைவ் நிரம்ப நிரம்பத் திண்ணை சுருங்கும். அவனுடைய 1 டிபி (1000 ஜிபி) டிரைவ் முக்கால்வாசி நிறைந்திருந்தது. 180 ஜிபியில் முதல் அறுபது மளமளவென்று இறங்கியது, மிச்சம் 120 ஜிபியும் நொடிக்கு 90 எம்பி கணக்கில் இருபத்திரண்டு நிமிடம் போனது. புத்தம் புதுக் காலி டிரைவில் ஒரு சின்னச் சோதனை செய்து காட்டினால் இது கண்ணிலேயே படாது.

சாம்சங் தன் 870 கியூவிஓ வரிசைக்கு இதை வெளிப்படையாகவே போட்டிருக்கிறது: திண்ணை நிறைந்த பிறகு 1 டிபி மாடல் நொடிக்கு 80 எம்பி, 2 டிபி மாடல் 160. எல்லா நிறுவனமும் இப்படி அச்சிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. டிஎல்சி என்விஎம்இ டிரைவ்கள் திண்ணை நிறைந்தாலும் பொதுவாக நொடிக்குச் சில நூறு எம்பிக்குக் குறையாது, நல்லவை 1 ஜிபிக்கு மேலும் தாங்கும்.

மேலே அந்த 80க்கும் 160க்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். கொள்ளளவு கூடினால் சில்லுகள் கூடும், ஒரே நேரத்தில் பல கைகள் எழுதும். 500 ஜிபியை விட 1 டிபி வேகமாக இருப்பது இதனால்தான், விலை வித்தியாசம் தாங்கும் அளவில் இருந்தால் பெரியதை எடுக்கச் சொல்வேன்.

சுருக்கமாக, செல் வகை டிஎல்சியா கியூஎல்சியா, திண்ணை நிறைந்த பிறகு என்ன வேகம், இந்த இரண்டும் தெரிந்தால் டிரைவின் குணம் பாதி தெரிந்துவிடும். பிரவுசர், எம்எஸ் ஆபீஸ், பிள்ளைகள் படிப்பு என்று இருப்பவருக்குத் திண்ணை நிறையவே நிறையாது, கியூஎல்சி தாராளமாகப் போதும். வீடியோ எடுப்பவருக்கு டிஎல்சி கட்டாயம்.

டிராம் உள்ளதா, இல்லாததா

எந்தத் தகவல் எந்தச் செல்லில் இருக்கிறது என்று டிரைவ் ஒரு பெரிய முகவரிப் பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலைக் கையருகே வைத்துக்கொள்ளத் டிராம் என்ற தனி வேக நினைவகம் சில டிரைவில் உண்டு, பொதுவாக 1 டிபிக்கு 1 ஜிபி. நடுத்தர விலையில் இப்போது நிறைய டிரைவ்களில் டிராம் கிடையாது. முன்பு இது பெரிய குறை. என்விஎம்இ டிரைவ்கள் இப்போது கணினியின் ராமிலிருந்தே சில பத்து எம்பி கடன் வாங்கிக்கொள்கின்றன, இதற்கு எச்எம்பி என்று பெயர். வீட்டு வேலைக்கு அது போதும். ஆனால் சாட்டா டிரைவால் இப்படிக் கடன் வாங்க முடியாது, அதனால் சாட்டா வாங்குகிறீர்கள் என்றால் டிராம் உள்ளதாகப் பாருங்கள். என்விஎம்இ என்றால் டிராம் இல்லை என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்க வேண்டாம்.

தேய்ந்துவிடுமா

தேயும். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் செல் கொஞ்சம் பலவீனமாகும். எவ்வளவு எழுதும்வரை உத்தரவாதம் என்பதைத்தான் டிபிடபிள்யூ என்ற எண் சொல்கிறது. 1 டிபி டிஎல்சி டிரைவுக்கு 600 டிபி என்பது வழக்கமான எண். நாளைக்கு 30 ஜிபி எழுதினால் வருடத்துக்கு 11 டிபி. 600ஐ எட்ட ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். அந்த லேப்டாப்பின் கீல் அதற்குள் பத்து தடவை உடைந்திருக்கும். இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து எஸ்எஸ்டி வேண்டாமென்று சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன், அவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

உண்மையான ஆபத்து வேறு. ஹார்ட் டிஸ்க் சாகும்முன் பெரும்பாலும் சத்தம் போடும், எஸ்எஸ்டி ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாம், நின்றால் உள்ளே இருப்பதை மீட்பது மிகக் கடினம். தவறுதலாக அழித்த கோப்பையும் மீட்க முடியாமல் போகலாம், ஏனென்றால் எந்த இடம் காலி என்று விண்டோஸ் சொன்னவுடன் டிரைவ் அந்தப் பலகையைக் கழுவத் தொடங்கிவிடும். குழந்தை போட்டோவெல்லாம் இன்னொரு இடத்திலும் இருக்கட்டும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதும் டிரைவுக்கு நல்லதில்லை.

கடையில் நிற்கும்போது

பெயரை மட்டும் நம்பி வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே பெயர், அதே பெட்டி, உள்ளே சில்லு மட்டும் மாறியிருக்கும். 2021இல் குரூஷியல் நிறுவனத்தின் பி2 டிரைவ் டிஎல்சியிலிருந்து கியூஎல்சிக்கு மாறியது. அதே வருடம் வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550 சில்லு மாறி, திண்ணை நிறைந்த பிறகான வேகம் முன்பைவிட வெகுவாகக் குறைந்தது. முதலில் வந்த நல்ல விமர்சனங்கள் மட்டும் அப்படியே நின்றன. அதனால் விமர்சனம் படிக்கும்போது அது எப்போது எழுதியது என்று பாருங்கள், தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் டிஎல்சி என்று எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். "3டி நாண்ட்" என்று மட்டும் போட்டு நிறுத்தியிருந்தால் டிஎல்சியாகவும் இருக்கலாம், கியூஎல்சியாகவும் இருக்கலாம்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நின்றபோது பக்கத்தில் ஒரு பெரியவர் எட்டு வருட லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி கேட்டார், கடைக்காரப் பையன் "சார், இதுதான் சார் லேட்டஸ்ட், 7000 ஸ்பீடு" என்று ஜென் 4 பெட்டியை எடுத்து வைத்தான். அந்த லேப்டாப்பில் இருந்ததோ பழைய ஹார்ட் டிஸ்க் உட்காரும் 2.5 அங்குல சாட்டா இடம் மட்டும். நல்லவேளை, அவர் லேப்டாப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார், திறந்து பார்த்ததும் பையனே பெட்டியை உள்ளே வைத்துவிட்டு சாட்டா ஒன்றை எடுத்தான். முடிந்தால் லேப்டாப்பையே கொண்டுபோங்கள்.

16 டிபி எஸ்எஸ்டி ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று வரும் விளம்பரங்களை மட்டும் தொடாதீர்கள். உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கும், 16 டிபி என்று பொய்யாகக் காட்டும், இடம் தீர்ந்ததும் பழையதன்மேல் எழுதும். அப்புறம் 1 டிபி வாங்கியவர் விண்டோஸில் 931 ஜிபி என்று பார்த்துப் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1024ஆலும் வகுக்கிறது, அவ்வளவுதான்.

ராம் 4 ஜிபி மட்டும் உள்ள கணினி என்றால் பட்ஜெட்டில் கொஞ்சம் ராமுக்கும் ஒதுக்குங்கள். ராம் போதாதபோது விண்டோஸ் டிரைவைத்தான் ராமாகப் பயன்படுத்தும், எந்த எஸ்எஸ்டியும் அதற்கு ஈடாகாது.

மாட்டிய முதல் வாரம்

எம்.2 அட்டையைச் சாய்வாக, முப்பது டிகிரி போல வைத்து உள்ளே தள்ள வேண்டும். முழுதாக நுழைந்தால் தங்க நிற விளிம்பு ஒரு மயிரிழைதான் வெளியே தெரியும். பிறகு மெதுவாகக் கீழே அமுக்கி அந்தச் சின்னத் திருகாணியைப் போட வேண்டும். அந்தத் திருகாணி டிரைவோடு வருவதில்லை, பெரும்பாலும் மதர்போர்டோடு வரும், தொலைந்திருந்தால் கடையிலேயே ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இரண்டு சோதனை செய்யுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இதுவரை எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியும். புது டிரைவில் அது சில ஜிபிக்குள் இருக்க வேண்டும், சில டிபி காட்டினால் யாரோ பயன்படுத்தியதை விற்றிருக்கிறார்கள். அடுத்து, டிரைவை முக்கால்வாசி நிரப்பிவிட்டு 100 ஜிபி ஒரே தடவையில் இன்னொரு எஸ்எஸ்டியிலிருந்து காப்பி செய்யுங்கள். பச்சை வரைபடம் எங்கே விழுகிறது, விழுந்து எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே வெப்பத்தையும் பாருங்கள், மே மாதத்துக் காற்றில்லாத அறையில் எழுபது, எண்பது டிகிரி தாண்டினால் டிரைவ் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மாமா மகன் அந்தக் கியூஎல்சி டிரைவைத் தன் அம்மாவின் கணினிக்கு மாற்றிவிட்டான். அத்தை அதில் சீரியல் பார்ப்பதும் சீட்டுக் கணக்கு எழுதுவதும்தான், ஒரு குறையும் சொல்லவில்லை. அவன் வாங்கிய டிஎல்சி டிரைவ் பெட்டி எண்ணில் முந்தையதைவிடக் குறைவு, 3500தான். போன ஞாயிறு அதே 180 ஜிபியை அதில் இறக்கிப் பார்த்தோம். வரைபடம் எழுபது ஜிபியில் ஒரு படி இறங்கி, 900 எம்பியில் நின்று, கடைசிவரை அங்கேயே ஓடியது.